பின்வரிசைப் பிரபுவின் முதல் அடி

மனிதர்களில் பின்வரிசைப் பிரபு என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டில் பீரோவை மாடிக்கு ஏற்றும்போது, நாலு பேர் மூச்சு முட்டத் தூக்க, ஐந்தாவதாக ஒருவர் படிக்கட்டின் அடியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அப்படியே... கொஞ்சம் சாய்ச்சு... ஆங், அவ்ளோதான், அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பீரோ மேலே போய்ச் சேர்ந்ததும் முதலில் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைப்பவரும் அவர்தான். வியர்வை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அது பொறுப்பின் வியர்வை.

இந்த இனத்தைக் கலப்படம் இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால், சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, ஒரு பல் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அரை நாளோடு நோயாளிகள் போய்விடுவார்கள். 'மூடியிருக்கிறது' என்ற பலகை கண்ணாடிக் கதவில் தொங்கும். உள்ளே ஒரு குட்டை மேசை, அதைச் சுற்றி நாலு நாற்காலி, தலைப்பக்கம் டாக்டரம்மாவின் சுழல் நாற்காலி, ஓரத்தில் மீன் தொட்டி, சுவரில் சிரிக்கும் கடைவாய்ப் பல்லின் படம். மேசைமேல் காகிதம், பென்சில், பகடை.

ஆட்டம் இதுதான். டாக்டரம்மா ஒரு கதையை நடத்துவார். அதில் காடு இருக்கும், கோட்டை இருக்கும், பூதம் இருக்கும். மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு கற்பனை மனிதரைத் தாளில் வடிவமைத்துக்கொண்டு வந்து அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். அடித்தது பட்டதா, தாவியது விழுந்ததா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவு செய்யும். அவ்வளவுதான். ஐந்து பேருமே நாற்பது தாண்டியவர்கள். வெளியே யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் "பல்லுக்குக் கம்பி போடறோம்" என்று சொல்லிக்கொள்வார்கள். போடும் டாக்டரம்மா உட்பட ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில், இரண்டு வருடமாக.

கதையில் கோடாரி வீரனாக வருபவர் குழாய் வேலை செய்பவர். மந்திரக்காரியாக வருபவர் மருந்துக் கடைக்காரம்மா. திருடனாக வருபவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். பரம சாது, மஞ்சள் விளக்குக்கே நின்றுவிடுவார். நாலாவது நாற்காலியில்தான் நம்முடைய ஆள். ஓர் அச்சகத்தில் முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்துபவர். அவருடைய பெயர் அந்த அறையில் யாருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் அவர் 'பிரபு'.

ஏனென்றால் அவர் வடிவமைத்தது ஒரு பிரபுவை. சாதாரணப் பிரபு இல்லை, துணை நிற்கும் பிரபு. மற்றவர்களின் வீரர்கள் ஆளுக்கு ஒரு தாளில் அடங்கிவிட்டார்கள். இவருடைய பிரபுவுக்கு நாலு தாள், நாலுக்கும் பிளாஸ்டிக் உறை. முதல் தாளில் பட்டங்கள். இரண்டாவதில் அங்கியின் நிறங்கள், பருவத்துக்கு ஒன்றாக. மூன்றாவதிலும் நாலாவதிலும் சண்டைத் திறமைகள், மொத்தம் பதினாறு. அவற்றைப் படித்தால்தான் இந்த இனத்தின் மகிமை விளங்கும். 'எழுச்சி உரை: அறுபதடிக்குள் நிற்கும் தோழர் ஒருவரின் பகடையில் மூன்றைக் கூட்டிக்கொள்ளலாம்.' 'கனிந்த பார்வை: பயந்துபோன தோழர் பயம் நீங்குவார்.' 'தோளில் ஒரு தட்டு: விழுந்த தோழர் எழுவார், மறுபடி அடிப்பார்.' 'தக்க சமயத்தில் இருமல்: பதுங்கியிருக்கும் எதிரியைத் தோழர் கண்டுகொள்வார்.' பதினாறும் தோழருக்கு. ஆயுதம் என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் ஒரே சொல்: 'அவசியமில்லை.'

"பிரபுங்கிறவன் தானே வாளை எடுத்தான்னா என்ன அர்த்தம்?" என்று அவர் விளக்குவார். "பக்கத்துல நிக்கிறவன்மேல நம்பிக்கை இல்லேன்னு அர்த்தம். அந்த மரியாதைக் குறைவை நான் உங்களுக்குப் பண்ண மாட்டேன்."

என்ன பெருந்தன்மை! கோடாரி வீரன் பூதத்தின் காலை வெட்டினால், பிரபு நாற்காலியில் சாய்ந்து, "அடிச்சோம் பாத்தீங்களா" என்பார். கோடாரி வீரன் குறி தவறிப் பாறையை வெட்டினால், "அடிச்ச பாத்தியா" என்பார். இரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் பகடையை உருட்டியதில்லை. ஆனால் பகடை மட்டும் பதினொன்று வைத்திருந்தார், வெல்வெட் பையில். இரவல் கொடுப்பதற்கு. "நீலத்துல போடு, இன்னிக்கு நீலம் நல்லா விழுது" என்று எடுத்து நீட்டுவார், தேர்ந்த நகைக்கடைக்காரர் மாதிரி.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மெய்ப்புத் திருத்துபவர் என்றால் அடுத்தவர் எழுதியதில் கால் வாங்கி, கொம்பு போட்டு, புள்ளி வைப்பவர். முப்பது வருடத்தில் தன் கையால் சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. ஆகையால் அவர் எழுதியதில் இன்றுவரை பிழையே கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குழாய்க்காரர் அவருடைய மனைவியின் தம்பி. அக்கா இறந்துபோன ஆறாம் மாதம், "அத்தான், சனிக்கிழமை சும்மாதானே இருக்கீங்க, வாங்க" என்று இழுத்துக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர். மற்ற ஆறு நாளும் அவருடைய யோசனை யாருக்கும் தேவைப்படவில்லை. "இன்னும் கொஞ்சம் உப்பு" என்று வீட்டில் சொன்னால், எழுந்து போய்ப் போட வேண்டியவரும் அவரே. சனிக்கிழமை மட்டும் மூன்று பேர் அவர் முகத்தைப் பார்த்து, "கூட்டிக்கலாமா?" என்று கேட்டார்கள். அவர் கண்ணை மூடி, பெரிய மனதோடு தலையை அசைப்பார். "கூட்டிக்கோ."

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

ஒரு சனிக்கிழமை, மூன்று வௌவால்களை விரட்டும் சண்டை மூன்றேகால் மணி நேரம் நடந்தது. வௌவாலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஒவ்வொரு அடிக்கும் எழுச்சி உரை. உரையை முழுசாக வேறு நிகழ்த்துவார், எழுந்து நின்று. முடிந்ததும் டாக்டரம்மா, திரையாக வைத்திருந்த எக்ஸ்ரே உறைக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினார். அவருக்கு ஒரு குரல் உண்டு. 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லிவிட்டு ஊசியை எடுக்கும் குரல்.

"பிரபு, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க டாக்டர். உங்களுக்கும் ஏதாவது யோசனை வேணுமா?"

"வேணாம். மாடி வீட்டு போட்டோக்காரர் நாலு மாசமா கேட்டுட்டு இருக்கார். ஓநாய் மனுசன் ஒண்ணு தயார் பண்ணி வச்சிருக்காராம். கடிக்குமாம். எனக்குக் கடிக்கிற ஆள் வேணும். மேசையச் சுத்தி நாலு பேருக்குத்தான் இடம்."

வேன்காரர் மீன் தொட்டியைப் பார்த்தார். மருந்துக் கடைக்காரம்மா பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சீவிய பென்சில்.

"அடுத்த சனிக்கிழமை உங்க ஆள் தன் கையால ஒரே ஒரு அடி அடிக்கணும்" என்றார் டாக்டரம்மா. "அடி படணும். பட்டா நாற்காலி உங்களுது. படலேன்னா மாடிக்காரருக்கு. இதுல உங்க மச்சினர் சிபாரிசெல்லாம் செல்லாது."

"நான் வாயே திறக்கலையே" என்றார் குழாய்க்காரர்.

"திறக்காதீங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

பின்வரிசைப் பிரபுவிடம் போய் 'நீயே அடி' என்று சொன்னால் என்ன செய்வார்? அடிப்பாரா? திட்டமிடுவார். அந்த வாரம் முழுக்க அவர் பிரபுவை மறுபடி வடிவமைத்தார். அச்சகத்தில் மெய்ப்பின் ஓரத்தில் வடிவமைத்தார். ஒரு சமையல் புத்தகத்தில் 'இரண்டு கரண்டி எண்ணெய்' என்பதற்குப் பக்கத்தில் 'வாள் வேண்டும்' என்று எழுதி, அது அப்படியே அச்சுக்குப் போக இருந்து, கடைசி நிமிஷத்தில் பிடித்தார்கள். வியாழக்கிழமை ஒரு வாளுக்குப் பிறவி கொடுத்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு மச்சினரைத் தேடிப் போனார்.

மச்சினர் ஒரு வீட்டில், கை கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வாயில் டார்ச்.

"வாள் வச்சுட்டேன்" என்றார் பிரபு, குனிந்து.

"ழல்லது அஃதான்" என்றார் மச்சினர். பிறகு டார்ச்சை வாயிலிருந்து எடுத்து, "இதப் புடிங்க. எங்க, படிங்க" என்றார்.

பிரபு டார்ச்சை வாங்கித் தாளில் அடித்துக்கொண்டு படித்தார். "'குலவாள்: பிரபு இதை உறையிலிருந்து உருவி, அருகில் நிற்கும் தோழர் ஒருவரிடம் நீட்டுவார். பெற்றுக்கொண்ட தோழர் இருமடங்கு பலத்துடன்...'"

"அத்தான்."

"என்ன?"

"அது தாம்பாளம். வாள் இல்ல."

"நீட்டற விதத்துல ஒரு கம்பீரம் இருக்கு, நீ கவனிக்கல."

"நீங்களே அடிக்கணும், அத்தான். நீங்க. உங்க கை. எதிர்ல பூதம். நடுவுல யாரும் கிடையாது." மச்சினர் குழாய்ச் சாவியை ஒரு திருகு திருகினார். "அக்கா இருந்தப்ப கரப்பான் பூச்சிய யாரு அடிப்பாங்க?"

"அவதான்."

"நீங்க?"

"எந்தப் பக்கம் ஓடுதுன்னு சொல்லுவேன்."

மச்சினர் கொஞ்ச நேரம் சிரித்தார். தொட்டிக்கு அடியில் சிரித்தால் எதிரொலிக்கும். "டார்ச்ச குழாய்க்கு அடிங்க" என்றார். "ஏன் மூஞ்சிக்கு அடிக்கறீங்க?"

சனிக்கிழமை வந்தது. ஒற்றைப் பாலம், பாலத்தின் நடுவில் கல்பூதம். கல்பூதத்துக்காக டாக்டரம்மா மேசையில் ஒரு பிளாஸ்டர் தாடையை வைத்தார். யாரோ ஒரு நோயாளியின் அச்சு, முன்பல் இரண்டு துருத்திக்கொண்டிருந்தது. பார்க்கவே பசியோடு இருந்தது.

"இன்னிக்கு உதவி கிடையாது" என்று அறிவித்தார் டாக்டரம்மா. "பிரபு அடிக்கிற வரைக்கும் அந்த நாலு தாளும் மூடியே இருக்கட்டும். பூதத்து மேல அடி படணும்னா பன்னிரண்டோ அதுக்கு மேலயோ விழணும்."

யாரும் கவலைப்படவில்லை. கோடாரி வீரன் முதலில் பாய்ந்தான். ஒன்பது. குழாய்க்காரர் பழக்கதோஷத்தில் அத்தான் முகத்தைப் பார்த்தார். அத்தானின் உதடு துடித்தது. எழுச்சி உரை முழுக்க உள்ளே நின்று கதவைத் தட்டியது. அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அப்போ ஒம்பது வெறும் ஒம்பதுதானா?" என்றார் குழாய்க்காரர், முதல்முறையாகச் சம்பளப் பிடித்தத்தைப் பார்த்தவர் மாதிரி.

மந்திரக்காரிக்குப் பதினொன்று. இரண்டு வருடமாகப் பதினொன்று என்றால் அவருக்கு வெற்றி. இப்போது அது பாலத்திலிருந்து கீழே போகும் வழி. திருடன் ஒருமுறை குத்தினான், பட்டது. இன்னொருமுறை குத்தப் போனான், வழுக்கினான். கோடாரியும் எப்படியோ இரண்டு தடவை பட்டது. பூதம் சளைக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோடாரி வீரனாக நின்ற மரை, மந்திரக்காரியாக நின்ற மருந்துப் புட்டி மூடி, திருடனாக நின்ற பொம்மை வேன் சக்கரம் மூன்றும் மேசையில் குப்புறக் கிடந்தன.

நின்றது பிரபு மட்டும், தன் முறை வந்தபோதெல்லாம் 'நீங்க முதல்ல' என்று விட்டுக்கொடுத்துவிட்டு. அங்கியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"பிரபு, உங்க முறை" என்றார் டாக்டரம்மா.

அவர் வெல்வெட் பையைத் திறந்தார். பதினொன்றையும் பார்த்தார். எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்த கை, தனக்கு எதை எடுப்பது என்று தெரியாமல் பைக்குள்ளேயே துழாவியது. கடைசியில் ஒன்று வந்தது. இவ்வளவு லேசாகவா இருக்கும் இது? அடுத்தவர் உருட்டி மூன்று விழுந்தால் அது அதிர்ஷ்டம். தான் உருட்டி மூன்று விழுந்தால் அது தன்னுடைய மூன்று.

அப்போதுதான் அந்த அறையில் ஒரு விபரீதம் நடந்தது. விழுந்துபோன மூன்று பேருக்கும் செய்ய வேலை ஒன்றும் இல்லை. வேலை இல்லாத மூன்று பேர், வேலை செய்யும் ஒருவரைப் பார்த்தால் என்ன ஆகும்? நாற்காலிகள் அவர் பக்கமாக நகர்ந்தன.

"மணிக்கட்டுல விடுங்க அத்தான். மரை முறுக்கற மாதிரி. அழுத்தக் கூடாது, ஆனா விடவும் கூடாது."

"மூச்ச இழுத்து, மூணு எண்ணி, விடுங்க சார். வெறும் வயித்துல உருட்டாதீங்க."

"அண்ணே, ரெண்டு பக்கமும் பாத்துட்டு எடுங்கண்ணே. அவசரமே இல்ல. பின்னாடி யாரும் ஆரன் அடிக்கல."

மூன்று யோசனையையும் ஒரே சமயத்தில் கேட்ட கை உருட்டியது. பகடை மேசையைத் தாண்டி, தாடையைத் தாண்டி, 'ப்ளக்' என்று மீன் தொட்டிக்குள் விழுந்தது. எல்லாரும் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். கூழாங்கல் நடுவில் பதினெட்டு தெரிந்தது. ஒரு தங்கமீன் வந்து அதை முட்டிப் பார்த்தது. இப்போது ஐந்து தெரிந்தது.

"பதினெட்டு!" என்றார்கள் மூன்று பேரும்.

"நனைஞ்ச பகடை செல்லாது" என்றார் டாக்டரம்மா. "திரும்ப உருட்டுங்க."

இரண்டாவது தடவை நாலு விழுந்தது. பூதம் பிரபுவைத் தூக்கிப் பாலத்தின் கைப்பிடியில் ஒரு சாத்து சாத்தியது. இரண்டு வருடத்தில் முதல் அடி. அவர் நாற்காலியில் நிஜமாகவே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"மணிக்கட்டுன்னு சொன்னேனா இல்லையா?"

"சார் மூணு எண்ணவே இல்ல. ரெண்டுலயே விட்டுட்டார். நான் பாத்தேன்."

"கண்ணாடி பாக்கலண்ணே நீங்க."

"இன்னொரு அடி வாங்கினா விழுந்துடுவீங்க" என்றார் டாக்டரம்மா. "அதோட சரி. கடைசி வாய்ப்பு."

"இந்தத் தடவை எழுந்து நின்னு உருட்டுங்க சார்."

"உக்காந்தே உருட்டுங்கண்ணே, சீட் பெல்ட் மாதிரி ஒரு பிடிமானம்..."

"முழங்கைய மேசைல வைங்க. வைக்காதீங்க. வைங்க."

பிரபு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. காது மடலும் சிவந்திருந்தது. முப்பது வருடமாக அச்சுக்கோப்பவர்களும் எழுத்தாளர்களும் தன்னிடம் சொல்ல நினைத்து மென்று விழுங்கிய வாக்கியம் எது என்று அந்தக் கணம் அவருக்குத் தெரிந்தது. அதை அவரே சொன்னார்.

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா எல்லாரும்!"

தொட்டியில் காற்றுக் குமிழி மட்டும் சத்தம் போட்டது. அவர் மணிக்கட்டைத் திருப்பவில்லை, மூச்சை எண்ணவில்லை, இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. உருட்டினார்.

பகடை ஓடி, நின்று, யோசித்து, ஒரு பக்கம் சாய்ந்தது.

பன்னிரண்டு.

யாரோ கத்தினார்கள். அது தான்தான் என்பது பிரபுவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"வாளோட பலம் என்ன? ஒரு அடிக்கு எத்தனை உயிர் குறையும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அவர் தாளைப் பார்த்தார். கைப்பிடி வேலைப்பாட்டை எட்டு வரியில் எழுதியிருந்தார். பலத்தை எழுத மறந்திருந்தார். "ஒண்ணுன்னு வச்சுக்கலாமா?" என்றார், மெதுவாக.

டாக்டரம்மா எக்ஸ்ரே உறைக்குப் பின்னால் தன் காகிதத்தைப் பார்த்தார். நெடு நேரம் பார்த்தார். பல்லில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் நேரத்தைவிட அதிகம்.

"பூதத்துக்கு எவ்வளவு உயிர் மிச்சம் டாக்டர்?" என்றார் குழாய்க்காரர்.

"ஒண்ணு."

குழாய்க்காரர் எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். உறை படீரென்று மூடிக்கொண்டது. "ஒண்ணுன்னா ஒண்ணு. பூதம் விழுந்துடுச்சு. அந்தத் தாடைய யாராவது எடுத்து உள்ள வைங்க, திங்கக்கிழமை அதோட சொந்தக்காரர் வருவார்."

நாற்காலி பிழைத்தது. ஆனால் அந்த வெற்றிக்கு என்ன ஆயிற்று தெரியுமா? குழாய்க்காரர் அத்தானின் முதுகைத் தட்டி, "மணிக்கட்டு! நான் சொன்ன மணிக்கட்டு!" என்றார். "மூணு எண்ணினார், நான் பாத்துட்டே இருந்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மருந்துக் கடைக்காரம்மா. வேன்காரரோ கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை புதுக் கதை தொடங்கியது. குழாய்க்காரர் ஒரு கோமகனோடு வந்தார். மருந்துக் கடைக்காரம்மா ஒரு ராஜமாதாவோடு வந்தார். வேன்காரரிடம் ஒரு சிற்றரசர் இருந்தார், ஆறு தாள், சுருள் கம்பி போட்டுத் தைத்தது. டாக்டரம்மா மனமிரங்கி மீன் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முக்காலியைச் செருகி, போட்டோக்காரரையும் சேர்த்துக்கொண்டார். ஓநாய் மனிதன் ஒரே வாரத்தில் இளவரசன் ஆகியிருந்தான். எல்லாருடைய தாளிலும் தோழருக்கு, தோழருக்கு, தோழருக்கு.

கடைசியாக வந்தவர் கையில் ஒரே ஒரு தாள் இருந்தது. உறைகூட இல்லை. அதில் ஒரு கோடாரிக்காரன். "யாராவது ஒருத்தர் அடிக்கணுமில்ல" என்று சொல்லிவிட்டு மெய்ப்புத் திருத்துபவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று அவர் முப்பத்தேழு தடவை பகடை உருட்டினார். இருபத்தொன்பது தடவை தவறவிட்டார். நாலு பிரபுக்கள் ஆளுக்கொரு உரை நிகழ்த்தினார்கள். அதோடு விட்டார்களா? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மச்சினரின் போன், கோடாரியை எப்படிப் பிடிப்பது என்று. செவ்வாய்க்கிழமை மருந்துக் கடைக்காரம்மா, விரல் நடுங்காமல் இருக்க என்ன சாப்பிடலாம் என்று. வியாழக்கிழமை வேன்காரர் வேனை ஓரங்கட்டிவிட்டு நேரில் வந்து, இருபது நிமிஷம் வாசலில் நின்று விளக்கினார். எல்லாம் தவறான யோசனைகள். அவர் ஒன்றையும் திருத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார்.

போகட்டும், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் மூன்றாவது தடவை பகடையைக் கையில் எடுத்தாரே, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? சும்மா படித்துக்கொண்டிருந்தீர்களா? அல்லது, 'இந்த ஆள் முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாமே' என்று மனதுக்குள் ஒரு வாக்கியம் ஓடியதா? ஓடியதென்றால் வெட்கப்பட வேண்டாம். டாக்டரம்மாவிடம் சொல்லி முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உங்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொல்லலாம். நீங்கள் கடிக்கிற ஆள் இல்லை என்பது அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.